சாவிக் கொத்தின் சுமை

ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய வேண்டின் அக்குடும்பத் தலைவரின் சாவிக் கொத்தைப் பார்த்தாற் போதும். யாழ்ப்பாணத்தார் திறப்பு என்பதை மலைநாட்டார் சாவி என்பர்; பெயர் எதுவாயினும் கொத்து ஒன்றே. வாசற் கதவின் சாவி, அலுமாரிச் சாவி, கடைப் பூட்டுகளின் சாவிகள், எந்தப் பூட்டுக்கு உரியது என்று எவருக்கும் நினைவில்லாத பழைய சாவி ஒன்று, இவற்றோடு கதிர்காமத்தில் வாங்கிய வேல், நகவெட்டி, சிறு டோர்ச் விளக்கு. இத்தனையையும் ஒரே வளையத்திற் கோத்து, அவ்வளையத்தைக் காரின் சாவியோடு பிணைத்துக்கொண்டு வீதியில் இறங்குகிறோம். இப்பாரம் தொங்குவதனாற் காருக்குக் கேடு விளையுமா என்பது மாணவர் பலர் கேட்கும் வினா. கராஜ்காரர் விளையும் என்பர். வேறு சிலர் கேட்டுச் சிரிப்பர். இரு சாராரிடத்தும் உண்மை சிறிது உண்டு.

காரின் சாவித் துவாரத்தின் உள்ளே இரு வேறு பொருள்கள் இருத்தலை முதலில் அறிதல் வேண்டும். ஒன்று பூட்டு. உருளை வடிவான அதனுள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் நுண்ணிய சுருள்வில்களின் மேல் அமர்ந்திருக்கும். சாவியின் வெட்டுகள் அத்தகடுகளைச் சரியான மட்டத்துக்குக் கொணர்ந்தால் மட்டுமே உருளை திரும்பும். மற்றது பூட்டின் பின்னே அமைந்த மின் ஆளி. இக்னிஷன் சுவிட்ச் என்று நாம் வழங்குவது அதனையே. எஞ்சினுக்கு மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும் அதன் தொழில். சாவியைத் திருப்பும்போது அஃது ஓரிடத்தில் ‘டக்’ என்று நிற்கின்றதன்றோ? அவ்வாறு நிறுத்தி வைப்பது ஒரு சிறு சுருள்வில்லின் அழுத்தமே.

பாரம் இவ்விரண்டையும் வெவ்வேறு வகையில் வருத்துகின்றது. பூட்டுக்கு நேர்வது தேய்மானம். தொங்கும் கொத்து சாவியைக் கீழ்நோக்கி இழுக்க, கார் குலுங்குந்தோறும் சாவியும் தகடுகளும் உராய்கின்றன. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது; ஆண்டுகள் பல சென்றபின் சாவி இறுகும், அல்லது தளரும். நல்ல நிலையிலுள்ள பூட்டில் இரண்டு மூன்று சாவிகள் தொங்குவதனால் உடனே கேடு வந்துவிடாது. சிரிப்பவர்களின் பக்கத்து உண்மை இதுவாகும்.

நிற்க. ஆளியைப் பற்றிய செய்தி இதனிலும் பெரிது. நெம்புகோல் பாடம் படித்த மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். 200 கிராம் நிறையுள்ள கொத்தின் பாரம் ஏறத்தாழ 2 நியூட்டன். அது சாவியின் சுழலச்சிலிருந்து 3 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் விலகித் தொங்குமாயின், சாவியைத் திருப்ப முயலும் விசையின் அளவு 6 நியூட்டன்-சென்ரிமீற்றர் ஆகும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அவ்வளவு இன்னும் பெருகும். ஆளியின் சுருள்வில் வலிமை உடையதாயின் இதனைத் தாங்கி நிற்கும். வலிமை குன்றியதாயின் சாவி தானே திரும்பி எஞ்சின் நின்றுவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், தன் சிறு கார்களின் ஆளி குறைந்தது 15 நியூட்டன்-சென்ரிமீற்றர் தாங்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆயின் செவர்லே கோபோல்ட் முதலிய கார்களிற் பொருத்தப்பட்ட ஆளிகள் அவ்வளவைத் தாங்கவில்லை. ஓடும்போதே சாவி திரும்பிற்று, எஞ்சின் நின்றது, மோதலின்போது உயிர்காக்க வேண்டிய காற்றுப்பைகளும் விரியவில்லை. 2005 ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்நிறுவனம் விற்பனையாளருக்கு அனுப்பிய அறிவித்தல் யாது தெரியுமா? உயரம் குறைந்தவர்களும் பாரமான சாவிக் கொத்து உடையவர்களும் ஓட்டும்போது இவ்விடர் மிகுதி. வேண்டாதவற்றை வளையத்திலிருந்து கழற்றுமாறு சொல்லுங்கள் என்பதே அது. உயரம் குறைந்தவர் ஆசனத்தை முன்னே தள்ளி அமர்வதனால் அவர் முழங்கால் கொத்திற் படும். சாவியின் தலையிலிருந்த நீண்ட துவாரத்தில் வளையம் பக்கவாட்டில் நகர இடமிருந்ததும் ஒரு காரணம். அடுத்த ஆண்டில் ஆளியைத் திருத்தியவர்கள், அதன் உறுப்பு இலக்கத்தை மாற்றவில்லை. எனவே பழையது எது, புதியது எது என்று பிறர் அறிய வழியில்லாது போயிற்று. 2014 ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த நட்டஈட்டு நிதி 124 மரணங்களுக்கு ஈடு வழங்க இசைந்தது. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டொலர் செலுத்தவும் நிறுவனம் உடன்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. அம்மரணங்களுக்குச் சாவிக் கொத்து மூலகாரணம் அன்று. தாங்க வேண்டிய ஆளி தாங்காமையே குற்றம். கொத்தைக் குறையுங்கள் என்று ஓட்டுபவருக்குச் சொல்லிவிட்டுக் குறையுள்ள ஆளியை அப்படியே விட்டது பெரும் பிழை. ஆயினும் நம் காரின் ஆளி எத்துணை வலிமையுடையது என்று வெளியிலிருந்து பார்த்து அறிய நமக்கு இயலாது. பாரத்தைக் குறைப்பதோ நம் கையில் உள்ளது. மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் உவமை கார் யுகத்துக்கும் பொருந்துகின்றது.

கண்டி வட்டாரத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். கடுகண்ணாவைக் கணவாயில் இறங்குவோரும், மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளைக் கடப்போரும், கற்கள் பெயர்ந்த தோட்டத்துப் பாதைகளில் நாள்தோறும் ஏறி இறங்குவோரும் தட்டையான நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் அல்லர். நம் கார்களிற் பல யப்பானிற் சில காலம் ஓடியபின் இங்கு வந்தவை. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தடைப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியமையால், பழைய கார்களை இன்னும் நெடுங்காலம் வைத்திருக்க நேர்ந்தது. கார் பழையதாயின் பூட்டும் பழையதே.

வளைவான இறக்கத்தில் எஞ்சின் திடீரென நின்றுவிட்டால் அஞ்ச வேண்டாம். ஸ்டியரிங் பாரமாகும், ஆயினும் இரு கைகளாலும் வலிந்து திருப்பினால் திரும்பும். பிரேக்கும் உடனே அற்றுப்போவதில்லை. ஓரிரு முறை அழுத்துவதற்குப் போதிய உதவி எஞ்சியிருக்கும். ஆகவே விட்டுவிட்டு அழுத்தாது, ஒரே முறையாக உறுதியுடன் அழுத்திப் பிடித்துக் காரை ஓரத்தில் நிறுத்துக. கார் ஓடும்போது சாவியை வெளியே இழுத்தல் ஆகாது. இழுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பெற்றோல் மிச்சம் பிடிக்க எண்ணி இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துவோர், இவ்விடரைத் தாமே விலைகொடுத்து வாங்குகின்றனர்.

வருமுன் காக்கும் வழிகள் எளியவை. சாவி இறுகுதல், ஆட்டினால் மட்டும் திரும்புதல், எஞ்சின் ஓடும்போதே சாவி வெளியே வருதல், குலுக்கத்தில் மீற்றர் விளக்குகள் மின்னுதல் ஆகியவை தேய்மானத்தின் அறிகுறிகள். கண்டவுடன் பொறிவினைஞரிடம் காட்டுக. புதிய சாவி வெட்டுவிக்கும்போது தேய்ந்த சாவியைக் கொடுத்தால் அதன் தேய்வும் சேர்ந்தே வெட்டப்படும். ஆதலால் பாவிக்காத மாற்றுச் சாவியையே மாதிரியாகக் கொடுத்தல் நன்று. பொத்தானை அழுத்தி ஓட்டும் புதிய கார் உடையோருக்கு இக்கவலை இல்லை. ஏனையோர் வீட்டுச் சாவிகளுக்கு ஒரு வளையமும் காருக்குத் தனி வளையமும் வைத்துக்கொள்வாராக. இதற்குச் செலவு ஒரு வளையத்தின் விலையே. கழற்றிக் கோக்க ஒரு நிமிடம் போதும். அதனை இன்றே செய்துவிடலாம்.