ஒரே காவிரி, ரெண்டு நியாயம்

'நாட்டுத்துப்பாக்கி' என்று பேப்பரில் படித்ததும் உங்கள் மனசில் என்ன படம் வருகிறது? காட்டுக்குள் பதுங்கி நிற்கும் ஒரு முரட்டு மீசை. கூடவே 'தர்மபுரி மாவட்டம்' என்றும் இருந்துவிட்டால் மீசை இன்னும் பெரிதாகிவிடும். பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது 2004 அக்டோபர் 18-ல். 20 வருஷம் தாண்டியாச்சு. அந்த மீசை மட்டும் நம் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

நிஜமான நாட்டுத்துப்பாக்கி ஓர் அப்பிராணி. ஓர் இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்தைக் குழாயின் வாய் வழியாகக் கொட்ட வேண்டும். தேங்காய் நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். அப்புறம் ரவையைப் போட்டு மறுபடி அடைக்க வேண்டும். ஒரு தடவை வெடித்தால், அடுத்த வெடிக்கு அத்தனை வேலையும் முதலிலிருந்து. இதை எடுத்துக்கொண்டு பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போனால், ரெண்டாவது குண்டு போடுவதற்குள் மேனேஜர் போலீஸுக்குப் போன் செய்து முடித்திருப்பார்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் காட்டோரத்தில் ஒண்ணரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது எதற்கு? பன்றிக்கு. ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால், காலையில் நிலக்கடலைக் காட்டில் மண்தான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 13-வது பிரிவைப் பாருங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், 14-வது பிரிவின் தடைகள் எதுவும் இல்லாதபட்சத்தில், லைசென்ஸ் 'கொடுக்க வேண்டும்' என்கிறது. 'கொடுக்கலாம்' இல்லை, 'வேண்டும்'! அந்த 14-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 13-வது பிரிவின்படி, போலீஸ் ரிப்போர்ட் உரிய காலத்தில் வராவிட்டால், அதற்காகக் காத்திருக்காமலே அதிகாரி முடிவெடுக்கலாம்.

படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! காட்டோரக் கிராமத்தில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். "எங்க தாத்தா வெச்சிருந்ததுங்க சார், பேருக்கு மாத்திக் குடுங்க" என்று மனுவோடு போகிறவருக்குக் கிடைப்பது லைசென்ஸும் இல்லை, மறுப்புக் கடிதமும் இல்லை. "ரிப்போர்ட் வரலைப்பா, அடுத்த மாசம் வா." வாரிசுக்கு லைசென்ஸ் தரலாம் என்று 2016-ம் வருஷ விதிகளில் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். யாருக்காக எழுதினார்களோ?

அவர்களுக்கென்று திறந்திருக்கும் ஒரே கதவு சரண்டர். 'லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை நீங்களாக ஒப்படைத்தால் வழக்கு கிடையாது' என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். சரி, ஒப்படைத்தாச்சு. பன்றி ஒப்படைக்குமா? ஒப்படைக்காமல் மாட்டினால், 2019-ம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் ரெண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் ஜெயில்.

இப்போது காவிரியைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம். ஒகேனக்கல்லில் கொட்டுகிற அதே தண்ணீர் பிறக்கிற ஊர் குடகு. அங்கே கொடவ இனத்தவருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் தந்த சலுகை. அதை 2019-ல் மத்திய அரசு மேலும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். தேங்காயைக் கட்டிவைத்துச் சுடும் போட்டி நடத்துகிறார்கள். நல்லா நடத்தட்டும். அவர்களிடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை. மேட்டில் பாரம்பரியம் என்றால் பள்ளத்தில் மட்டும் எப்படிப் பயங்கரம்?

இன்னொன்றும் கேளுங்கள். 2020-ல் விதியைத் திருத்தினார்கள். 'அரும்பொருள்' வகையில் வரும் பழைய துப்பாக்கிகளை வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை; பயன்படுத்தவும் வெளியே எடுத்துச் செல்லவும்தான் தேவை. பங்களா ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் அரும்பொருள். குடிசை மூலையில் சாய்ந்திருந்தால் குற்றப்பொருள். வெளிநாடுகளில் இதே கருமருந்துத் துப்பாக்கிகளுக்கு உலகப் போட்டியே நடக்கிறது. அசலானாலும் அதேபோல் செய்த புதுசானாலும், மெடல் கழுத்தில் விழும். நம்ம ஊரில் கையில் விலங்கு விழும்.

"துப்பாக்கியைக் கொடுத்தால் வேட்டையாடுவான் சார்" என்பீர்கள். நியாயமான பயம்தான். 2025 மார்ச்சில் ஏமனூர் காட்டில், தந்தம் எடுக்கப்பட்டு எரிந்த நிலையில் யானையின் உடல் கிடந்ததை மறக்க முடியாது. ஆனால், தந்தத்துக்கு அலைகிறவன் கலெக்டர் ஆபீஸில் போட்டோ ஒட்டி மனு கொடுத்துவிட்டா போகிறான்? மனு கொடுக்கிறவன் தன் பேரையும், ஊரையும், துப்பாக்கியையும் அரசாங்க நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறான். அவனைத்தான் துரத்துகிறோம்.

துரத்தப்பட்டவன் சும்மா இருப்பானா? சத்தமில்லாத வழிக்குப் போகிறான். அவுட்டுக்காய் வைக்கிறான். வேலியில் திருட்டுக் கரண்ட் விடுகிறான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு கம்பியில் பட்டு மூன்று யானைகள் செத்தன. ரெண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. துப்பாக்கி வெடித்தால் ஊருக்கே கேட்கும். கம்பிக்கு வாய் கிடையாது.

லைசென்ஸ் கிடைத்துவிட்டால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. வன உயிரினச் சட்டம் தனி. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், அதுவும் வனத்துறையினர்தான் சுடலாம். நம் ஒண்ணரை ஏக்கர்க்காரர் இருப்பது அந்த முதல் கிலோமீட்டரில். அவருக்கு ரவையே வேண்டாம். மருந்தை மட்டும் கெட்டித்து ஒரு வேட்டு போட்டால், சத்தத்துக்கும் புகைக்கும் கூட்டம் திரும்பி ஓடும். அந்தச் சத்தத்துக்குத்தான் அனுமதி கேட்கிறார்.

செய்ய வேண்டியது மூன்றே விஷயம். சரண்டர் முகாம் நடத்தும் அதே மேஜையில், தகுதி உள்ளவர்களிடம் லைசென்ஸ் மனுவும் வாங்குங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் உரிய காலத்தில் எழுத்தில் பதில் கொடுங்கள், மறுப்பாக இருந்தாலும் சரி. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி எப்படிக் கெட்டிப்பது, எங்கே பூட்டி வைப்பது என்று தாலுகாவில் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 1959-லேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்துப் பார்க்கக் கலெக்டர் ஆபீஸில் யாருக்காவது நேரம் கிடைத்தால் போதும்.