சாதாரண தரம் முடிந்ததும் எந்த வகுப்பு?

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. பக்கத்து லயத்துப் பிள்ளை போகிறது என்று நம் பிள்ளையையும் கம்பியூட்டர் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். கம்பியூட்டர் வேண்டாம் என்பதல்ல. கூடவே சிங்களமும், தையலோ வயரிங்கோ, பிள்ளைக்குப் பிடித்த ஒரு கைத்தொழிலும் படிக்கட்டும்.

காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள், பெற்றோரே. நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? சான்றிதழ் என்.வி.கியூ. தரமா? அதில் 4ஆம் தரம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம், படிப்படியாக ஏறலாம். கொழுந்தெடுத்த காசை வெறும் அச்சடித்த அட்டைக்குக் கொடுக்காதீர்கள். பதில் மழுப்பலாக வந்தால், அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் தோட்டத் தலைவரிடம் கொண்டுபோங்கள். அதுவும் சங்க வேலைதான்.