ஒன்றரை மணித்தியால விளையாட்டுக்கு 15 டொலரா?

பெற்றோரும் பிள்ளைகளும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற வாரம் அஸருக்குப் பின் வாவிக்கரையில் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் கதைத்துக்கொண்டிருந்தோம். எங்களிடம் படிக்கும் உயர்தர மாணவர் ஒருவர் வந்தார். கட்டாரில் இருக்கும் காக்கா அனுப்பிய காசில் 'வெண்பா' என்ற கணினி விளையாட்டை வாங்கியிருக்கிறார்.

"சேர், 15 டொலர். ஒன்றரை மணித்தியாலத்துல முடிஞ்சி போச்சு. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள விளையாடியிருந்தா காசத் திருப்பிக் கேக்கலாமாம். கேக்கட்டா?"

அந்த இடத்திலேயே எங்களுக்குள் இரண்டு கருத்து வந்துவிட்டது. பிறகு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். அதைத்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி. 2023 ஜூலையில் கனடாவிலிருந்து 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழு வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அவர்களின் மகன் கவின் ஆகியோரின் கதை. தாயின் பழைய சமையல் குறிப்பில் எழுத்துகள் அழிந்திருக்கும். விளையாடுபவர் யோசித்து இட்லி, பிட்டு என்று சமைக்க வேண்டும். சுடுவதும் இல்லை, தோற்பதும் இல்லை. கதை ஒரே நேர்கோட்டில் போய் முடிந்துவிடும். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டு விருதை இதற்குக் கொடுத்தது.

மாணவரின் கவலையை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. 15 டொலர் என்றால் நமது காசில் 4000 ரூபாய்க்கு மேல். பல வீடுகளில் அது ஒரு நாள் உழைப்பைத் தாண்டும். பெரிய நிறுவனங்கள் 60, 70 டொலருக்கு விற்கும் விளையாட்டுகளை மாதக்கணக்கில் விளையாடலாம். மணித்தியாலக் கணக்குப் பார்த்தால் 'வெண்பா' நட்டம்தான்.

ஆனால் அந்தக் கணக்கே பிழை என்பது எங்கள் கருத்து. அரிசி இடித்து, மாவை வறுத்து, தேங்காய் துருவி, விடியற்காலையில் உம்மா அவிக்கும் பிட்டை நாம் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறோம். அதற்காக அதன் பெறுமதி பத்து நிமிடம் ஆகிவிடுமா? 'வெண்பா'வை உருவாக்கவும் சில வருட உழைப்பு போயிருக்கிறது.

அடுத்தது காசைத் திருப்பிக் கேட்பது. 'ஸ்டீம்' தளத்தில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். பொருளில் குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பது வாங்கியவரின் உரிமை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "சீக்கிரம் முடிந்துவிட்டது, காசைத் தா" என்று கடைக்காரரிடம் கேட்போமா? சட்டம் விடலாம், ஆனால் அடுத்தவரின் ஹக் நம் கழுத்தில் நிற்கும். 'சம்மர் ஒப் 58' என்ற விளையாட்டை உருவாக்கியவர், இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிகிற தன் விளையாட்டைப் பலர் முடித்துவிட்டுக் காசைத் திரும்பப் பெற்றதால், 2021 ஓகஸ்டில் இந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தார்.

விற்பவருக்கும் கடமை உண்டு. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். வாங்குபவரும் விசாரித்துவிட்டு வாங்க வேண்டும். வசதி இல்லையென்றால் விலைக்கழிவு வரும்வரை காத்திருக்கலாம். களவுப் பிரதி எடுப்பது வழியல்ல.

பெற்றோரே, நாம் பயப்பட வேண்டியது முடிந்துவிடுகிற விளையாட்டுக்கு அல்ல. 'இலவசம்' என்று கைத்தொலைபேசிக்குள் வந்து, முடிவே இல்லாமல் ஓடி, துப்பாக்கிக்கும் உடுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கறக்கிற விளையாட்டுகளுக்குத்தான். அவற்றுக்கு நம் பிள்ளைகள் கொடுப்பது காசை மட்டுமல்ல, சுபஹுத் தொழுகையையும் பரீட்சையையும் சேர்த்துத்தான்.

கடைசியாக அந்த மாணவரிடம், "கதை எப்படி?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த மகன் உம்மாட பாஷையில கதைக்க வெக்கப்படுற இடம் கஷ்டமா இருந்திச்சு சேர்," என்றார்.

அப்படியென்றால் காசு நட்டமில்லை மகன் என்றோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?