படம் பிடித்தால் போதுமா?

நம் இதழில் மொழியைப் பற்றி எழுதுகிறோம். நாட்டைப் பற்றி எழுதுகிறோம். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றியும் ஓயாமல் எழுதுகிறோம். ஆனால், கருவுற்ற ஒரு பெண் முதல் மூன்று மாதத்தில் எங்கே செல்ல வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் எழுதக் காணோம். அது வீட்டுப் பெண்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டோம். ஒதுக்கியது தவறு என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் கோல் மார்க்கெட்டை அடுத்த அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில், என் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிப்பவள். 1921 இல் எழுந்த அந்த வட்டக் கட்டடத்தைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றன. நடந்து செல்லும் தொலைவில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண் மருத்துவரிடம் செல்லக் கூசியே பெண்கள் பலர் மருத்துவமின்றி மடிந்த காலத்தில், பெண்களுக்கென்றே 1916 இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. இப்படிப்பட்ட இடத்தில் வாழும் பெண்ணுக்கு என்ன குறை இருக்க முடியும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு அந்த எண்ணம் மாறியது.

அக்காவுக்கு அது முதற்பிள்ளை. இந்தி அரைகுறை, ஆங்கிலம் அதனினும் குறைவு. மூன்றாம் மாதத்தில் நகரின் வேறொரு பகுதியிலிருந்த ஒரு நிலையத்தில் ஸ்கேனும், ‘டபுள் மார்க்கர்’ என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தாளைக் கையில் கொடுத்து, “ஹை ரிஸ்க்” என்று இரண்டு சொல் சொல்லி, அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அக்கா மூன்று இரவு உறங்கவில்லை. தன் பிள்ளை குறையோடுதான் பிறக்கப் போகிறது என்று அவர் முடிவே செய்துவிட்டார். ஊரிலிருக்கும் அம்மாவிடம் சொல்லவும் அஞ்சினார்.

அந்தத் தாளை நான் வாங்கிப் பார்த்தேன். 180 இல் 1 என்று இருந்தது. அதன் பொருள் என்ன? இதே அளவு கண்ட 180 தாய்மாரில் ஏறக்குறைய ஒருவரின் கருவுக்கே அக்குறை இருக்கக்கூடும்; மற்ற 179 பேருக்கும் இராது என்பதே பொருள். இவ்வகைப் பரிசோதனை ஒரு சல்லடை. யாரை மேலும் கவனிக்க வேண்டும் என்று சலித்துக் காட்டுமே அன்றித் தீர்ப்புச் சொல்லாது. உறுதியாக அறிய வேண்டுமானால் பனிக்குட நீரை எடுத்து ஆராய்வது போன்ற வேறு சோதனைகள் உண்டு. செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் தாயின் விருப்பம். இவ்வளவையும் விளக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க அங்கே ஆள் இல்லை!

கொடுத்தவர் வேறொருவர். பிரசவ விடுதிகளில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற மலையாளத்துச் சிஸ்டர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அக்காவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தமக்குத் தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் விளக்கினார். எந்த மருத்துவரிடம் செல்ல வேண்டும், என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். அன்றிரவு அக்கா உறங்கினார். பின்னர்க் குழந்தை நலமாகவே பிறந்தது. நலமின்றிப் பிறந்திருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் வீணாகியிருக்காது. வருவதைத் தாங்கும் மனத்தை அது அவருக்குத் தந்திருக்கும்.

தோழர்களே, நான் கருவியின் பகைவள் அல்லள். 1958 இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயான் டொனால்டும் அவருடைய தோழர்களும் ஒலியலை கொண்டு வயிற்றுக்குள் காணும் முறையை வெளியிட்டது மனித குலத்துக்கே நன்மை. 11 வாரம் முதல் 14 வாரம் நிறைவதற்குள் எடுக்கும் ஸ்கேன் கருவின் வயதைச் செம்மையாகச் சொல்லும்; இரட்டைக் கருவா என்று காட்டும். 18 முதல் 20 வாரத்தில் எடுப்பது உறுப்புகளின் அமைப்பைக் காட்டும். உரிய காலத்தில் அறிந்தால்தான் முடிவெடுக்கவும் காலம் இருக்கும். 2021 இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் வாரக் கணக்கை வைத்தே பேசுகிறது என்பதையும் மறக்கலாகாது.

ஆயினும் படம் பிடிப்பது மட்டுமே பரிசோதனை ஆகிவிடாது. இரத்த அழுத்தம் ஏறுவதைப் படம் காட்டாது. இரத்தச் சோகையையும் காட்டாது. 2019–21 இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேர் சோகை உடையவர்கள். முதல் மூன்று மாதத்திலேயே பரிசோதனைக்குச் சென்ற தாய்மார் 100க்கு 70 பேர். நான்கு முறையேனும் சென்றவர் 58 பேரே. சர்க்கரைக்குச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய எளிய முறையை இந்திய அரசும் ஏற்றிருக்கிறது: 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வேண்டும், 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்க வேண்டும், சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டினால் கவனம் வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தாயை அறிந்து, நாள் தவறாமல் அழைத்து, கேட்டுப் பார்க்கும் ஒருவரே தேவை.

அந்த ஒருவர்தாம் மருத்துவச்சி. பிரிட்டனில் கருவுற்ற பெண்ணின் முதற்சந்திப்பு மருத்துவச்சியோடுதான். அதுவும் 10 வாரத்துக்குள் நிகழ வேண்டும் என்பது அங்குள்ள நெறி. என்னென்ன பரிசோதனை உண்டு, எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்று முதலில் எடுத்துரைப்பவர் அவரே. நம் நாட்டிலும் ஏ.என்.எம். என்ற மூன்றெழுத்தில் மருத்துவச்சியின் பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஊசி, கணக்கு, பதிவேடு என்று எத்தனையோ பணிகளை அவர் தலையில் ஏற்றிவிட்டு, பேசும் நேரத்தைப் பறித்துக்கொண்டோம். 18 மாதம் தனிப்பயிற்சி தந்து தேர்ந்த மருத்துவச்சியரை உருவாக்குவதென இந்திய அரசு 2018 இல் வகுத்த நெறிமுறை நல்ல தொடக்கம். அது தலைநகரின் ஒவ்வொரு மகப்பேற்று நிலையத்துக்கும் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

“மருத்துவர்கள் இருக்க மருத்துவச்சி எதற்கு? பாட்டி காலத்துக்குத் திரும்பச் சொல்கிறாயா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. பயிற்சியில்லாக் கைகளால் எத்தனை தாய்மார் மடிந்தனர் என்பதை நான் அறியாதவள் அல்லள். நான் கேட்பது படித்துத் தேர்ந்த மருத்துவச்சியை. ஸ்கேன் கருவி சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவர் கையிலேயே இருக்கட்டும். ஆண் பெண் பார்த்துக் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994 இல் சட்டம் வந்ததும் தேவையால்தான். 2011 கணக்கெடுப்பில் தில்லியில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 871 பேரே இருந்தனர். கருவி மட்டும் வளர்ந்து, அதைப் பற்றிப் பேசித் தெளிவிப்பார் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்த எண்ணும் ஒரு சான்று.

குறை மருத்துவமனைகளில் மட்டும் இல்லை; நம் வீடுகளிலும் உண்டு. ‘மூன்று மாதம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்று மறைப்பது நம் வழக்கம். மூளையும் தண்டுவடமும் ஆக வேண்டிய குழலோ கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குரிய ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்குமுன்பே தொடங்குவது நன்று. ஊராருக்குச் சொல்ல வேண்டாம். மருத்துவச்சிக்கும் மருத்துவருக்குமா மறைப்பது? தமிழ்நாட்டு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ளவே சொல்கிறது.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்வது நம் மரபு. அதனால் தில்லித் தமிழ்ப் பெண்ணுக்குப் பரிசோதனை இங்கே, பிரசவம் அங்கே என்று ஆகிறது. வளையலையும் பட்டையும் மறவாமல் பெட்டியில் வைக்கிறார்கள். ஸ்கேன் தாள்களும் இரத்த வகைச் சீட்டும் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. அங்கிருக்கும் மருத்துவர் எதைக் கொண்டு இவரை அறிவார்?

மாணவர்கள் நாம் என்ன செய்யக்கூடும்? நம் சங்கத்தில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் அறிந்த மாணவியர் இருக்கிறோம். அரசு மருத்துவ நிலையங்களில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016 முதல் உண்டு. அந்நாளில் மொழி அறியாத ஒரு தமிழ்ப் பெண்ணோடு நம்மில் ஒருத்தி சென்றால் என்ன? மருத்துவம் சொல்ல வேண்டாம். அது நமக்குத் தெரியாது. அவர் கேட்க நினைப்பதைக் கேட்டுத் தரலாம். சொன்னதை மாற்றாமல் தமிழில் சொல்லலாம். தாள்களை வரிசையாக அடுக்கிக் கொடுக்கலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை; மாதத்தில் அரை நாள் வேண்டும், அவ்வளவே.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். நாளை நீங்களும் கணவர் ஆவீர்கள். அந்த அறையின் வெளியே நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிராமல், உள்ளே சென்று உடன் அமர்ந்து கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தப் பணிக்குப் பெயர் கொடுப்போர் பட்டியலைத் தொடங்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்க.