சுற்றுலாவுக்கு ஒரு விதி, சங்குக்கு ஒரு விதியா?

தீபாவளி விற்பனை முடிந்ததும் சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலைகளுக்குச் சில வாரம் ஓய்வு. சிவகாசி வட்டாரத்துக் குடும்பங்கள் ஊர் சுற்றக் கிளம்பும் காலமும் அதுதான். குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் போய்வந்தவர்களுக்கு இன்று இலங்கையும் எட்டும் தூரம்தான். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா, இளவட்டங்களின் பெரிய ஆசையாகிவிட்டது.

நல்ல ஆசைதான். ஆனால் மாதம் பார்த்துப் போக வேண்டும். தீபாவளிக்குப் பின் வரும் நாட்களில் திருகோணமலையும் மட்டக்களப்பும் வடகிழக்குப் பருவமழையில் கலங்கிக் கிடக்கும். அப்போது ஹிக்கடுவை, உனவட்டுன போன்ற தென்மேற்குக் கரைகள்தான் தெளியத் தொடங்கும். கிழக்குக் கரைக்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. நவம்பரில் நிலாவெளிக்குப் பணம் கட்டினால் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பருவம் பார்த்துப் போனவருக்கோ அந்தக் கடல் தன் அழகை வஞ்சனை இல்லாமல் காட்டும். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் முட்டளவுத் தண்ணீரிலேயே பவளப்பாறை தொடங்கிவிடுகிறது. கருநுனிச் சுறாக் குட்டிகள் காலருகே வந்து திரும்பும். அதற்குத் தெற்கே, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்தில் வேறொரு காட்சி. 1956-ல் இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அங்கே மூழ்கியபோது, 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் செதுக்கிய கல்தூண்களைக் கண்டார்கள். மட்டக்களப்புக்கு அப்பால் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானம் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல்; 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. நான்கைந்து நாள் பயிற்சியில் கிடைக்கும் முதல்நிலைச் சான்றிதழ் அனுமதிப்பது 18 மீட்டர்தான். அடுத்த நிலைக்கு 30. பொழுதுபோக்காக மூழ்குபவருக்கு 40 மீட்டரே எல்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் நல்ல பயிற்சியாளர் அந்தக் கோட்டைத் தாண்ட விடமாட்டார். தண்ணீரில் இறங்குமுன் ஆஸ்துமா, இதயநோய், காதுக் கோளாறு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குகிறார்கள். படகின் விளிம்பில் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். காற்று சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது, இடுப்பு ஈயக்கட்டியை ஒரே இழுப்பில் கழற்ற முடிகிறதா, மாற்று வாய்க்குழாய் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே குதிக்க விடுவார்கள். திரும்பும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பல முறை மூழ்கியவர் 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. கொழும்பிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறவர் கடைசி நாளைக் கரையிலேயே கழித்தாக வேண்டும்.

இதெல்லாம் வெறும் சடங்கில்லை. 10 மீட்டர் இறங்கினால் உடல்மேல் அழுத்தம் இரு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டு ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழாகி மூட்டுகளை முறுக்கும். தண்டுவடத்தைத் தாக்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வு போகும். உயிரும் போகலாம். பாதிக்கப்பட்டவரை உயரழுத்த அறையில் கிடத்தி, ஆக்சிஜன் கொடுத்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைப்பதே இதற்குச் சிகிச்சை.

விடுமுறைக்கு வந்தவருக்கு இவ்வளவு காப்பு. இதே கடலில் வயிற்றுப்பாட்டுக்காக மூழ்குகிறவருக்கு?

மன்னார் வளைகுடாவில் மூழ்கும் தொழில் தமிழருடையது. கொற்கை முத்து ரோமாபுரி வரை போன காலம் தொட்டு, தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாளர்கள் கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி, ஏழெட்டுப் பாகம் ஆழம் இறங்கியிருக்கிறார்கள். இலங்கையின் மன்னார்க் கரையில் ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்புகளுக்கு இங்கிருந்தும் ஆட்கள் போனார்கள். அங்கே எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒரு பங்கு. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றது. சங்குகுளிப்பு நிற்கவில்லை. அந்தச் சங்குதான் வங்காளத்தில் திருமணமான பெண்கள் அணியும் வளையலாகிறது.

மூச்சடக்கிக் குளித்தவர் கையில் இப்போது கம்ப்ரசர் குழாய் வந்துவிட்டது. படகில் காற்றடிக்கும் எந்திரம், அதிலிருந்து நீளும் ரப்பர் குழாய், குழாயின் முனை பல்லுக்கிடையில். எந்திரப் புகை காற்றோடு கலந்தால் விஷம். குழாய் மடங்கினால் மூச்சில்லை. ஆழமானி இல்லாதவர் கணக்கு வைத்து ஏறுவது எப்படி? இலங்கையின் வடக்கிலும் இதே கதைதான். சங்குக்கும் கடல் அட்டைக்கும் சிலிண்டர் கட்டி மூழ்கும் சுழியோடிகளிடம் முன்பு சொன்ன அழுத்த நோயை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கூலி எண்ணிக்கைக்கு என்றால் அவசரம் தானாக வரும். எடுத்த சங்குக்குத்தான் காசு என்னும்போது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும், இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் படகில் இளைப்பாறுவதும் நட்டம்.

விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பட்டாசு அறைக்குள் நான்கு பேருக்கு மேல் கூடாது, மரத்தடியில் மருந்து செலுத்தக் கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும் என்று விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் தீபாவளி நெருங்க நெருங்க, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் கைகள் வேகம் எடுக்கின்றன. அறையில் ஐந்தாவது ஆள் உட்காருகிறார், ஆறாவது ஆளும் வருகிறார். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணையில் வருவது அநேகமாக இந்த மீறல்கள்தான். வாடிக்கையாளர் உயிருக்கு ஆபத்து என்றால் விதி நிற்கிறது, தொழிலாளி உயிர் என்றால் விதி வளைகிறது. கடலிலும் கரிசல் மண்ணிலும் இந்த அநியாயம் ஒன்றே.

சங்குகுளிப்பையே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தப் பவளப்பாறைகளைக் கட்டாயம் காக்க வேண்டும். அங்கே சுற்றுலாவைத் திறந்துவிடுவதும் தவறு. ஆனால் பூங்காவுக்கு வெளியே உரிமத்தோடு மூழ்குகிறவரை மாற்றுத் தொழில் காட்டாமல் தடுத்தால் அவர் இரவில் போவார், இன்னும் ஆழமாகப் போவார்.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை பெரிய செலவில்லாதவை. சங்குகுளி உரிமம் கொடுக்கும்போதே மீன்வளத்துறை இலவசப் பயிற்சியும், ஆழமும் நேரமும் காட்டும் கைக்கருவியும் கொடுக்கலாம். கம்ப்ரசர் காற்றுக்கு வடிகட்டியைக் கட்டாயமாக்கலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் மூழ்குபவர் எவருக்கும் எந்நேரமும் கட்டணமின்றித் திறக்கும் உயரழுத்த அறை வேண்டும். அதற்குச் செலவாகும்தான், அந்தச் செலவை அரசு ஏற்கட்டும். சங்கு வியாபாரிகள் காப்பீட்டுத் தொகையில் பங்கு தரட்டும்.

இலங்கைக்குப் பெட்டி கட்டும் சிவகாசி இளைஞர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அருகில் உயரழுத்த அறை எங்கே இருக்கிறது? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அதே இரண்டு கேள்வியைத் தூத்துக்குடிச் சங்குகுளியாளர்களுக்காக உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள்.