பளபளப்பா, பலமா?



நம் விடுதியில் கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் அடுத்தபடியாக அதிகம் அலசப்படும் விஷயம் கேமிங் கம்ப்யூட்டர்தான். "மச்சி, போர்டுன்னா கேமிங் போர்டுதான் எடுக்கணும். கலர் கலரா லைட் எரியும், கேம் பிச்சுக்கிட்டு ஓடும்" என்பான் ஒருவன். "போர்டுல என்னடா இருக்கு? இருக்கறதுலேயே மலிவா ஒண்ணைப் போட்டுட்டு, மிச்சக் காசுல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கு" என்பான் இன்னொருவன். இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

கேமின் வேகத்தைத் தீர்மானிப்பவை கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும். அதே கார்டையும் பிராசஸரையும் மூன்று மடங்கு விலையுள்ள போர்டில் மாட்டினாலும் வேகம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆகவே முதல் நண்பன் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் விளக்குக்கும் அட்டைப்பெட்டிக்கும்தான் போகிறது!

அதற்காக இரண்டாமவன் பேச்சைக் கேட்கலாமா? சுவர் இருந்தால்தானே சித்திரம்? ராம், கார்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் பிறகு தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். போர்டை மாற்றப் போனால் பல நேரம் பிராசஸரையும் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். மதர்போர்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

நாம் வகுப்பில் படித்த கணக்கையே போட்டுப் பார்ப்போம். பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியதோ சுமார் 1.2 வோல்ட். 100 வாட் இழுக்கும் பிராசஸர் என்றால் மின்னோட்டம் சுமார் 83 ஆம்பியர்! இந்த மாற்றத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் மாஸ்ஃபெட்டுகளும் சோக்குகளும் கெபாசிட்டர்களும்தான். மிக மலிவான போர்டுகளில் இவை எண்ணிக்கையில் குறைவு. பலவற்றில் ஹீட் சிங்க்கூட இருக்காது. 65 வாட் பிராசஸரை அவை தாங்கிவிடும். அதற்கு மேல் போட்டு நீண்ட நேரம் ஆடினால் சூடு ஏறி, பிராசஸரின் வேகமே குறைந்துவிடும். எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் பழைய விதி. ஆகவே கடையில் முதலில் லைட் எரிகிறதா என்று பார்க்காதீர்கள். மாஸ்ஃபெட் மேல் ஹீட் சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சாக்கெட். 2017 மார்ச்சில் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசஸர்கள் ஏஎம்4 சாக்கெட்டில் வந்தன. அன்று வாங்கிய பல போர்டுகளில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரை மாட்ட முடிந்தது. ஐந்து வருடம் தாங்கிய போர்டு! அதே 2017-ல் இன்டெலின் எட்டாம் தலைமுறை பிராசஸர்கள் வந்தபோது சாக்கெட் எண் பழைய 1151-தான். ஆனாலும் முந்தைய போர்டுகளில் அவை வேலை செய்யவில்லை. வாங்கும் முன் தயாரிப்பாளரின் பிராசஸர் பட்டியலைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும். 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். பழைய டிடிஆர்4 ராம் கையில் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்க இப்போது வசதியில்லையா? ரைசன் 5 5600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸரில் தொடங்கலாம். அப்போது ராமை ஒரே துண்டாகப் போடாமல் இரண்டாகப் போடுங்கள். வேகம் நன்றாகவே கூடும். நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிற்பாடு இன்னும் இரண்டு சேர்க்க இடமிருக்கும்.

இனி நம் கொல்லிமலை நண்பர்களுக்கு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, சேலத்தில் வாங்கினாலும் சரி, காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் அந்தப் பெட்டி வீடு வந்து சேர வேண்டும். பெரிய கூலரும் கனமான கிராஃபிக்ஸ் கார்டும் மாட்டியபடியே பஸ்ஸில் கொண்டுவந்தால், ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கனம் போர்டைத்தான் ஆட்டும். கழற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள். சாக்கெட்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது ஊசிகளைக் காப்பது அதுதான். வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்பதோடு நிற்காமல், பழுதானால் போர்டை எந்த ஊரில் வாங்கிக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள். கீழே இருப்பவனுக்கு அது ஒரு மணி நேர வேலை. நமக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும். இடி மின்னல் வந்தால் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

மிளகு விற்ற காசிலும் காபி விற்ற காசிலும் வீட்டில் எடுத்துக் கொடுப்பது ஒருமுறைதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கு போர்டுக்கு ஒதுக்கினால் போதும் என்பேன். விளக்கில்லாத, ஹீட் சிங்க் உள்ள, நாளைய பிராசஸருக்கும் இடம் தரும் நடுத்தர போர்டு ஒன்றே நமக்கு ஏற்றது. டிப்ளமோ படிக்கும் நாமே பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கினால், படிக்காதவர் யாரைப் பார்த்து வாங்குவார்? சிந்திப்போம் நண்பர்களே!