28 நொடியில தோத்தா கேவலமா?

எம். புதுப்பட்டி டீக்கடையில ஜூடோவைப் பத்திப் பேச்சு வந்தது, எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு நாள்தான். 2024 ஆகஸ்ட் 2. பாரிஸ் ஒலிம்பிக்ல நம்ம துலிகா மான் ஆட்டத்தை ஒருத்தர் செல்போன்ல போட்டார். டீயை ஆத்தி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. 28 நொடி! "இம்புட்டு உடம்ப வச்சுக்கிட்டு இதுக்குத்தான் அம்புட்டு தூரம் போச்சாக்கும்"னார் பக்கத்து பெஞ்சு அண்ணாச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அது இன்னமும் உறுத்துது.

எதிர்ல நின்னது யாருன்னு வீட்டுக்கு வந்துதான் தேடிப் பார்த்தேன். கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸ். 2008-ல் வெண்கலம், 2012-ல் தங்கம், அடுத்த ரெண்டு ஒலிம்பிக்லயும் வெள்ளி. துலிகாவுக்கு முதல் ஆட்டமே அந்தம்மாவோட! ஜூடோவில் 'இப்போன்'னு ஒண்ணு உண்டு. எதிராளியை வேகமா, முதுகு தரையில படுற மாதிரி தூக்கி எறிஞ்சுட்டா அத்தோட ஆட்டம் குளோஸ். மிச்ச நேரம் கணக்கிலயே வராது. சச்சின்கூட 1989-ல் ஆடின முதல் ஒருநாள் மேட்சுல டக் அவுட்தான். அதுக்காக டீக்கடையில யாராச்சும் சிரிக்கிறோமா?

இதே துலிகா 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்ல 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவுல வெள்ளி வாங்கினவங்க. தில்லி போலீஸ்ல வேலை பார்த்த அம்மா ஒத்தையாளா வளர்த்த பொண்ணு. அந்த வெள்ளியைப் பத்தி நம்ம கடையில ஒரு பேச்சு? ம்ஹூம்.

ஜப்பான்ல ஹெவிவெயிட்னா மரியாதையே தனி. யசுஹிரோ யமாஷிதான்னு ஒரு மனுஷன். 1977-லேர்ந்து 1985-ல ஓய்வு பெறும்வரை தொடர்ந்து 203 ஆட்டம் தோக்கவே இல்லை. 1980 மாஸ்கோவை ஜப்பான் புறக்கணிச்சதால அந்த ஒலிம்பிக் கைவிட்டுப் போச்சு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரெண்டாவது ஆட்டத்திலயே கெண்டைக்கால் சதை பிடிச்சுக்கிச்சு. நொண்டிக்கிட்டே போய் ஃபைனல்ல எகிப்தின் முகமது ரஷ்வானை ஜெயிச்சார். அந்த வருஷமே அரசாங்கம் 'மக்கள் கௌரவ விருது' கொடுத்துச்சு. அதெல்லாம்கூட விடுங்க, ஜெயிச்சவனை எந்த ஊர்லதான் கொண்டாட மாட்டாங்க? தோத்துப்போன ரஷ்வானுக்கும் அங்கே பேர் இருக்கு. 2019-ல ஜப்பான் அரசு விருதே கொடுத்திருக்கு. அதைத்தான் நான் ரொம்பப் பெருசா நினைக்கிறேன்.

காரணம், அவங்களுக்குப் பார்க்கத் தெரியும். 2012-லேர்ந்து அங்கே நடுநிலைப் பள்ளியில தற்காப்புக் கலை கட்டாயப் பாடம். விழுந்து எந்திரிச்சுப் பார்த்தவன் அடுத்தவன் விழுறப்ப சிரிக்க மாட்டான். நமக்கு உடம்பு மட்டும்தான் கண்ணுல படுது, அதுலயும் பொம்பளைப் புள்ளைன்னா கேக்கவே வேணாம்.

என் மக எட்டாப்பு படிக்கா. கொஞ்சம் பூசின உடம்பு. தெருவுல, சொந்தத்துல எல்லாம் என்ன பேர் வச்சிருக்காங்கன்னு இங்க எழுத மனசு வரலை. அன்னைக்கு ராத்திரி அந்த 28 நொடியை நாலஞ்சு தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டு, "ஏப்பா, இந்தக்கா காலை எங்க வச்சிருக்கணும்?"னு கேட்டா.

பதில் சொல்ல எனக்குத் தெரியலை. சிவகாசி, விருதுநகர் பக்கம் யாராச்சும் ஜூடோ சொல்லித்தர்றாங்கன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.